தோற்ற திருத்தமும் தனித்து நின்ற தீர்ப்பும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம், சேலம் நோக்கிச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் வேப்பூர். ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காக நாம் அங்குச் சென்றிருந்தபோது, விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பல்லாண்டுகள் சூளை வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். ஸலாம் கூறி நலம் விசாரித்த பின், "ஹஜ்ரத், விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் ஒருத்தனைச் சிறையில் வைக்கலாம் என்கிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?" என்று கேட்டார். குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டிருந்தவன் அவருடைய மகனோ பேரனோ அல்லன். அண்டை வீட்டு இளைஞன். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவனும் அல்லன். ஆயினும் முதியவரின் கவலை உண்மையானதாக இருந்தது.

"இடம் உண்டு" என்பதே நாம் அன்று கூறிய மறுமொழி. அவர் முகம் வாடியது. அந்த இடம் சட்டத்தில் எவ்வாறு வந்தது, அதனைத் தடுக்க முயன்றோர் யாவர், அவர்தம் முயற்சி என்னவாயிற்று என்பனவற்றை அந்த மஜ்லிஸில் விரித்துரைக்க இயலவில்லை. அக்கடனை இக்கட்டுரையில் தீர்க்க முற்படுகிறோம்.

வேப்பூரில் நின்று நோக்கினால் வடக்கே செல்லும் சாலை சென்னைக்கும், தெற்கே செல்வது திருச்சிக்கும், கிழக்கே செல்வது கடலூருக்கும், மேற்கே செல்வது சேலத்துக்கும் நம்மை இட்டுச் செல்லும். இந்நான்கு ஊர்களும் மத்தியச் சிறைச்சாலைகள் அமைந்த ஊர்கள். நாம் கூறப்போகும் வரலாற்றின் தொடக்கம் மேற்குச் சாலையின் முடிவிலும், அதன் கசப்பான ஓர் அத்தியாயம் வடக்குச் சாலையின் முடிவிலும் நிகழ்ந்தவை.

அமெரிக்கச் சொற்றொடர் ஒன்று

அரசனின் விருப்பத்துக்கு எல்லை உண்டா என்னும் வினாவுக்கு ஐக்கிய அமெரிக்க நாடுகள் எழுத்து வடிவில் விடை தந்தன. 1791-இல் அவற்றின் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்கள் குடிமக்களின் உரிமைப் பட்டயமாக விளங்குகின்றன. அவற்றுள் நான்காவது, காரணமற்ற சோதனையிலிருந்து மனிதரின் உடலையும் இல்லத்தையும் ஆவணங்களையும் காக்கிறது. ஐந்தாவது, உரிய சட்டநெறியின்படி அன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம் இதே கட்டுப்பாட்டை மாநில அரசுகளுக்கும் விதித்தது.

'உரிய சட்டநெறி' என்பதன் பொருளை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிவிட்டது, அதன்படி கைது நடந்தது என்பது மட்டும் போதாது. அச்சட்டம் வகுக்கும் வழி நேர்மையானதா, குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் காரணம் கூறப்பட்டதா, தன் தரப்பைக் கூற அவனுக்கு வாய்ப்புத் தரப்பட்டதா, நடுநிலையாளர் ஒருவர் அதனைக் கேட்டாரா என்றெல்லாம் நீதிமன்றம் ஆராயலாம் என்பதே அதன் கருத்து.

இக்கருத்து அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதிய எவருக்கும் அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எக்காரணத்தால் பிடிக்கப்பட்டனர் என்று மீண்டும் மீண்டும் வினவியதையும், இறுதியில் அவர்களை விடுவிக்கும்படி நபியவர்கள் பணித்ததையும் அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். நேர்மையான சாட்சிகள் இன்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் 'கிதாபுல் கராஜ்' எழுதிய காழி அபூயூஸுஃப் (ரஹ்), வெறும் குற்றச்சாட்டைக் கொண்டு மக்களை அடைத்து வைக்கலாகாது என்றும், சிறைக் கைதிகளின் வழக்குகளை ஆளுநர்கள் இடையறாது ஆராய வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள்.

ஆனால், இந்நெறிகள் ஏட்டில் இருந்தபோதே நம் இமாம்கள் சிறைப்பட்டதும் உண்டு. இமாம் அபூஹனீஃபாவும் (ரஹ்) இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் (ரஹ்) அனுபவித்த சிறைத் துன்பத்தை அவர்களுக்கு இழைத்தோர் முஸ்லிம் ஆட்சியாளர்களே. நெறி ஏட்டில் இருப்பது ஒன்று. ஆள்வோரை அதற்குக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

அரசியல் நிர்ணய சபையில்

இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் குறித்து 1947-இல் உருவான தொடக்க வரைவில் அமெரிக்கச் சொற்றொடரே இடம்பெற்றிருந்தது. அரசியலமைப்பு ஆலோசகராக இருந்த பி.என். ராவ் அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்று, அந்நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் சட்டங்களைச் சில நீதிபதிகள் முடக்கிவிட இச்சொற்றொடர் வழி செய்கிறது, நீதிமன்றத்தின்மீது தாங்கொணாச் சுமையையும் ஏற்றுகிறது என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் கருத்து. இக்கருத்தை முற்றிலும் புறந்தள்ளவும் இயலாது. ரொட்டித் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணி என வரையறுத்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1905-இல் இதே சொற்றொடரைக் காட்டி அன்றோ செல்லாது என்றது! நிலச் சீர்திருத்தத்தைக் கையில் எடுக்கவிருந்த புதிய இந்தியா அதற்கு அஞ்சியதில் வியப்பில்லை.

ஆகவே அண்ணல் அம்பேத்கரின் தலைமையிலான வரைவுக் குழு அச்சொற்றொடரை நீக்கி, 'சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றி' என்னும் சொற்களை இட்டது. ஜப்பானின் 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 31-ஆம் பிரிவு இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. சொல் மாற்றம் சிறியது; பொருள் மாற்றமோ பெரியது. சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் அதனைப் பின்பற்றிவிட்டால் போதும், அது நேர்மையானதா என்று கேட்க நீதிபதிக்கு இடமில்லை என்று பொருள் கொள்ள அது வழிவிட்டது.

1948 டிசம்பரில் இவ்வரைவு விவாதத்துக்கு வந்தபோது எழுந்து நின்றோருள் சென்னை மாகாண முஸ்லிம் உறுப்பினர் மஹ்பூப் அலீ பேக் சாஹிப் ஒருவர். ஜப்பானிய அரசியலமைப்பிலிருந்து ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைத் தாங்கி நிற்கும் ஏனைய பிரிவுகளை விட்டுவிட்டது ஏன் என்று அவர் கேட்டார். நீதிமன்றத்தை அணுகும் உரிமையை மறுக்கலாகாது என்னும் 32-ஆம் பிரிவும், காரணம் கூறாமலும் வழக்கறிஞர் உதவி தராமலும் எவரையும் காவலில் வைக்கலாகாது என்னும் 34-ஆம் பிரிவும், ஆணையின்றி இல்லத்தைச் சோதனையிடலாகாது என்னும் 35-ஆம் பிரிவும் அந்நாட்டில் உள்ளன. கூரையைத் தாங்கும் தூண்களை அங்கேயே விட்டுவிட்டு ஓர் உத்தரத்தை மட்டும் இங்குக் கொண்டுவந்தது போலாயிற்று என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

மத்திய மாகாண உறுப்பினர் காஜி சையத் கரீமுத்தீன் 'உரிய சட்டநெறி' என்னும் சொற்களையே மீண்டும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். காரணமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க நான்காவது திருத்தத்தை ஒத்த பாதுகாப்பு ஒன்றையும் அதே மாதத்தில் முன்மொழிந்தார். அதனை ஏற்க அம்பேத்கர் இசைந்தும், பின்னர் வாக்கெடுப்பில் அது தோற்றது. இம்முயற்சி முஸ்லிம் உறுப்பினருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பண்டித தாகூர்தாஸ் பார்கவா, கே.எம். முன்ஷி முதலியோரும் உரிய சட்டநெறிக்காக வாதாடினர். எதிரணியில் நின்ற சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் நம் சென்னை மாகாணத்தவரே.

டிசம்பர் 13 அன்று மறுமொழி கூறிய அம்பேத்கர், சட்டமன்றத்தை நம்புவதிலும் இடர் உண்டு, நீதிபதிகளை நம்புவதிலும் இடர் உண்டு என்று இருபுறத்தையும் எடுத்துக் கூறி முடிவைச் சபைக்கே விட்டார். திருத்தங்கள் தோற்றன. எனினும் அம்பேத்கரின் உள்ளம் அமைதியுறவில்லை போலும். 1949 செப்டம்பரில் அவர் புதியதொரு பிரிவைக் கொண்டுவந்தார். இன்றைய 22-ஆம் பிரிவு அதுவே. கைதுக்குக் காரணம் கூறுதல், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்துதல் ஆகியன அதனால் கிட்டின. ஆனால் அதே பிரிவு தடுப்புக்காவலை ஒப்புக்கொண்டு, அவ்வாறு அடைக்கப்படுவோருக்கு வழக்கறிஞர், 24 மணி நேரம் என்னும் பாதுகாப்புகள் பொருந்தா என்றும் கூறிற்று. வேப்பூர் முதியவர் கேட்ட அந்த 'இடம்' இங்கேதான் அமைந்தது.

கோபாலன் வழக்கு

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள்கள் கழிந்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமைக் கட்சிக் கைதிகள் 22 பேர் மாண்டனர். அம்மாத இறுதியில் நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. 1947 டிசம்பர் முதலே சென்னை மாகாணச் சிறைகளில் இருந்துவந்த மலபார்ப் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு மார்ச் முதல் நாளில் இப்புதிய சட்டத்தின்கீழ் காவல் ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். எம்.கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' என இன்றும் சட்ட மாணாக்கர் பயிலும் வழக்கு இதுவே.

1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்கும் வெளியிடலாகாது என்ற 14-ஆம் பிரிவு செல்லாது என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். ஆனால் கோபாலனின் காவல் செல்லும் என்பது நால்வரின் முடிவு. சட்டமன்றம் வகுத்த நடைமுறை எதுவாயினும் அது போதும். அமெரிக்கச் சொற்களை நம் சபை வேண்டுமென்றே விலக்கியிருக்க, அவற்றின் பொருளைப் பின்வாசல் வழியே கொண்டுவரல் ஆகாது என்பது பெரும்பான்மையினர் கொண்ட பொருள்.

மாறுபட்டோர் இருவர். அவருள் நீதிபதி மெஹர்சந்த் மகாஜன், நீண்ட காவலுக்கு வழிவிட்ட 12-ஆம் பிரிவு 22-ஆம் பிரிவுக்கு முரணானது என்றார். மற்றவர் நீதிபதி சையத் ஃபஜ்ல் அலீ. பாட்னா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். பின்னாளில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவராகத் தமிழ் மக்களும் நன்கறிந்தவர். 'சட்டம்' என்னும் சொல் சட்டமன்றத்தின் கட்டளையை மட்டும் குறிப்பதன்று என்று அவர் ஒருவரே முழுமையாக எடுத்துரைத்தார். அறிவிப்பு, தன் தரப்பைக் கூறும் வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான நடைமுறை ஆகிய நான்கும் அச்சொல்லுள்ளேயே அடங்கியவை என்றார். அடிப்படை உரிமைகள் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனி அறைகள் அல்ல, ஒன்றில் ஒன்று கலந்தவை என்றும் விளக்கினார். சபையில் தோற்ற மஹ்பூப் அலீ பேக், கரீமுத்தீன் ஆகியோரின் கருத்து நீதிமன்றத்தில் மீண்டும் எழுந்தது, மீண்டும் தோற்றது.

ஃபஜ்ல் அலீயை நாம் குறையற்றவராக வரைந்து காட்ட வேண்டியதில்லை. கோபாலன் தீர்ப்புக்கு ஒரு வாரம் கழித்து, 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையைப் பெரும்பான்மை நீதிபதிகள் நீக்கியபோது, அரசின் பக்கம் நின்று மாறுபட்டவரும் அவரே. ஆயினும் மே 19-ஆம் நாளில், தம் கொள்கைக்குச் சேய்மையில் நின்ற ஒரு பொதுவுடைமைவாதியின் உடலுரிமைக்காக அவர் எழுதிய பக்கங்கள் வீண்போகவில்லை.

இருண்ட காலமும் வடக்குச் சாலையும்

ஓராண்டுக்கென இயற்றப்பட்ட தடுப்புக்காவல் சட்டம் நீட்டிக்கப்பட்டு 1969 வரை நிலைத்தது. 1971-இல் மிசா வந்தது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டு, மிசாவின்கீழ் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்கள் அங்கு அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு உயிரிழந்தார்.

அடைக்கப்பட்டவன் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவேனும் தரலாமா என்னும் வினா உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐவரில் நால்வர், நெருக்கடிக் காலத்தில் அவ்வுரிமை இல்லை என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டில் மூப்பின்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி, பெரும்பான்மையோடு நின்ற மிர்ஸா ஹமீதுல்லாஹ் பேக்குக்குச் சென்றது. கன்னா பதவி விலகினார்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகிறோம். 1950-இல் தனித்து நின்றவர் முஸ்லிம். 1976-இல் தனித்து நின்றவர் இந்து. அன்று அரசின் பக்கம் நின்ற நால்வருள் ஒருவர் முஸ்லிம். நீதி எந்தச் சமுதாயத்துக்கும் பரம்பரைச் சொத்தன்று. பகைமையின் பொருட்டும் உறவின் பொருட்டும் நீதியினின்று பிறழலாகாது என்னும் திருமறையின் கட்டளை நம்மை நோக்கியது. அதனை நிறைவேற்றியவர் எவராயினும் அவரை மதிப்பது நம் கடன்.

சென்னைச் சிறைக் கொடுமைகளை விசாரிக்க நெருக்கடி நிலைக்குப் பின் அமைந்த ஆணையத்தின் தலைவர் நாகூர் தந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்த அப்பெருமகனார், கைதிகள் தாக்கப்பட்டது உண்மையே என்று தம் அறிக்கையில் பதிவு செய்தார். பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்து, 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது பதவியைத் துறந்தார்.

மீண்ட கருத்து

1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டம் வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும், மனம்போன போக்கில் அமைதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சபை விலக்கிய சொற்கள் திரும்பவில்லை. அவற்றின் பொருள் திரும்பியது. ஃபஜ்ல் அலீ மறைந்து அப்போது ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டின் 44-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நெருக்கடிக் காலத்திலும் 21-ஆம் பிரிவின் உரிமையை முடக்க இயலாதவாறு செய்தது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் வெளிப்படையாக அறிவித்தது.

அமெரிக்கச் சொற்கள் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இத்துன்பம் எதுவும் நேர்ந்திராது என்று எண்ணுவதும் பிழை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் அமெரிக்காவில் தம் இல்லங்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். 1944-இல் கொரமட்சு வழக்கில் அந்த அகற்றல் ஆணை செல்லும் என்றது அமெரிக்க உச்சநீதிமன்றம். அவ்வாறு கூறிய அறுவருள் ஒருவர், பின்னாளில் பி.என். ராவுக்கு அறிவுரை நல்கிய அதே ஃபிராங்க்ஃபர்ட்டர்! உரிய சட்டநெறி என்னும் சொற்கள் ஏட்டில் இருந்தும் காக்கவில்லை. அரசு மன்னிப்புக் கோரி இழப்பீடு தரும் சட்டம் 1988-இல்தான் வந்தது. குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம் என்று அந்நீதிமன்றம் உறுதி கூறியது, முதல் கைதிகள் அங்குக் கொண்டுவரப்பட்டு ஆறாண்டுகள் கழிந்து, 2008-இல்.

சொல் இல்லாத இடத்தில் பொருளைத் தேடிக் கண்டோர் இங்கு இருந்தனர். சொல் இருந்த இடத்தில் அதனைக் காணாது கடந்தோர் அங்கு இருந்தனர். சட்டத்தின் சொற்கள் இன்றியமையாதன. எனினும் அச்சம் சூழ்ந்த காலத்தில், வெறுக்கப்படும் ஒருவனுக்காக அச்சொற்களை வாசிக்கும் துணிவு அதனினும் இன்றியமையாதது. தனக்கு வேண்டியவனுக்காக உரிமை கேட்பது எவர்க்கும் எளிது. கோபாலனுக்காக ஃபஜ்ல் அலீ எழுதியது எளிதன்று.

முதியவருக்கு நாம் கூற வேண்டியது

தடுப்புக்காவல் இன்றும் நம் சட்டத்தில் நிலைபெற்றிருக்கிறது. அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி மூன்று மாதம் வரை அடைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்க 44-ஆம் திருத்தத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இன்றளவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் பன்னிரண்டு மாதம் வரை காவலை அனுமதிக்கிறது.

ஆயினும் அடைக்கப்பட்டவன் கையறு நிலையில் இல்லை. அச்சட்டத்தின்படியே காவலுக்கான காரணங்களை ஐந்து நாள்களுக்குள் அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரியின் ஆணைக்குப் பன்னிரண்டு நாள்களுக்குள் அரசின் ஒப்புதல் வேண்டும். மூன்று வாரத்துக்குள் அவன் நிலை அறிவுரைக் கழகத்தின்முன் வைக்கப்பட வேண்டும். அவன் தன் தரப்பை எழுதி அனுப்பலாம். அம்மனுவைக் காலந்தாழ்த்தாது ஆராய்வது அரசின் கடமை. காரணங்களும் ஆவணங்களும் அவன் அறிந்த மொழியில் தரப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம். மனுவை ஆராய்வதில் தாமதம், தமிழாக்கம் தரப்படாமை என்னும் காரணங்களாலேயே நீக்கப்பட்ட காவல் ஆணைகள் பல.

இவற்றையெல்லாம் அன்று நாம் முழுமையாகக் கூறாமல் வந்தது நம் குறையே. பின்னர் அவருக்குச் செய்தி அனுப்பி, விருத்தாசலத்தில் நமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அவ்விளைஞனின் தாயை அழைத்துச் செல்லச் சொன்னோம். முதியவர் தாமே உடன் சென்றார் என அறிந்தோம்.

தன் அண்டை வீட்டார் ஏன் பிடிக்கப்பட்டனர் என்று அன்று மதீனாவில் ஒருவர் எழுந்து கேட்டார். அக்கேள்வி தவறென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறவில்லை. அதே கேள்வியைத்தான் மஹ்பூப் அலீ பேக் சபையிலும், ஃபஜ்ல் அலீ நீதிமன்றத்திலும், வேப்பூர் முதியவர் ஒரு நிக்காஹ் பந்தலிலும் கேட்டனர். அண்டை வீட்டானுக்காக அதனைக் கேட்கத் தயங்கும் சமுதாயம், தனக்காகக் கேட்க நேரும் நாளில் உடன் நிற்போரைக் காணாது. நான்கு சாலைகளின் நடுவே வாழ்வோர் நாம் அனைவருமே.